முகங்கள் மட்டும்

பழைய சித்திரங்களின் மேல்பூச்சை நீக்குவது என் தொழில். கத்தியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் குழந்தை இயேசுவுடன் மரியாள் இருக்கும் ‘விளாதிமிர் மாதா’ ஐகானை, அந்த வழிபாட்டு ஓவியத்தை, நினைத்துக்கொள்வேன்.

12ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் வரையப்பட்டு கீவுக்கு வந்த படம் அது. 1155இல் இளவரசர் அந்திரேய் பகல்யூப்ஸ்கி அதை விளாதிமிர் நகருக்குக் கொண்டுபோனார், பிறகு அது மாஸ்கோவுக்குப் போனது. ருஷ்ய ஐகான்களின் மேல் ஆளிவிதை எண்ணெய் பூசுவார்கள். நாளாக ஆக அது கறுக்கும். கறுத்ததன் மேலேயே அதே உருவத்தை மறுபடி வரைவார்கள். 1918இல் இகோர் கிராபார் தலைமையிலான குழு அடுக்கடுக்காக நீக்கிப் பார்த்தபோது, ஆதி வண்ணம் முக்கியமாகத் தாய், சேய் இருவரின் முகங்களில்தான் மிஞ்சியிருந்தது. தாயின் ஆடை பிற்காலத்தவர் கைவேலை.

அப்படியானால் தலைமுறை தலைமுறையாக மக்கள் எதன் முன் மண்டியிட்டார்கள்? நற்செய்தியாளர் லூக்காவே வரைந்த படம் என்கிறது மரபு. ஓவியத்தின் பாணி அதை ஏற்கவில்லை. ஆனால் அதனால் வேண்டுதல் பொய்யாகிவிடுமா? உருவ வணக்கத்தை எதிர்த்தவர்களுக்கு இறையியலாளர் தமாஸ்கஸ் யோவான் 8ஆம் நூற்றாண்டிலேயே விடை சொன்னார்: உருவத்துக்குச் செய்யும் மரியாதை அதில் காட்டப்படுபவரைச் சேரும். நான் அவர் பக்கம்தான். லூக்கா வரைந்தாலும் பெயரறியாத ஒருவர் வரைந்தாலும் அந்த வணக்கம் போய்ச் சேருமிடம் ஒன்றே. மேலே வரைந்தவரும் வேண்டிக்கொண்டே வரைந்திருப்பார் என்று நம்புகிறேன். ஆகவே அடியில் பழையது இல்லாத இடத்தில் புதியதை நான் சுரண்ட மாட்டேன்.