தெரிந்த கேள்வி

தாம்பரத்தில் பஸ் ஏறி, கேம்ப் ரோடு, மேடவாக்கம் தாண்டி சோழிங்கநல்லூர் போகும்வரை ஒரே கேள்வியைத்தான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். முந்தின ராத்திரி ரூம்மேட் சொல்லிக்கொடுத்தது. "கேட்டாலும் கேப்பாங்க மச்சி, பாத்து வெச்சுக்கோ." ஒரு லிங்க்டு லிஸ்ட் சுற்றிவந்து தன்னிலேயே மாட்டிக்கொள்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆமை ஒவ்வொரு அடியாகப் போகும், முயல் இரண்டிரண்டாக. வளையம் இருந்தால் முயல் ஆமையைப் பிடித்துவிடும்.

அதையேதான் கேட்டார்கள்.

நான் உடனே சொல்லவில்லை. நெற்றியைத் தடவினேன். வேண்டுமென்றே முதலில் ஒரு சுமாரான வழியைச் சொன்னேன். "மெமரி ஜாஸ்தி ஆகுமே" என்றார். கொஞ்சம் அமைதி. பிறகு அப்போதுதான் தோன்றியதுபோல ஆமையையும் முயலையும் வெளியே விட்டேன். "நல்லா யோசிக்கிறீங்க" என்றார். வேலை கிடைத்தது. அதே வாரம் அதே கம்பெனியில் ரூம்மேட்டுக்கு வேறு கேள்வி வந்தது. கிடைக்கவில்லை.

நான் பொய் சொன்னேனா? விடை சரிதான். படித்ததைப் பரீட்சையில் எழுதுவது தப்பில்லை. ஆனால் பரீட்சையில் யாரும் இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்று நடிப்பதில்லை. அந்த வழி, 1978இல் டூரிங் விருது வாங்கிய ராபர்ட் ஃபிளாய்டின் பெயரில் வழங்குவது. அதை இருபது நிமிஷத்தில் நானே யோசித்தேன் என்று அவர் நிஜமாகவே நம்பியிருப்பாரா? இரண்டு பேருமே நடித்தால் அது பொய் இல்லை, சடங்கு என்று சொல்லலாம். அப்படியென்றால் தோற்றவனிடமும் அது சடங்குதான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

தாம்பரத்துக்குத் தென்மேற்கே உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே. வயது 35க்கு மேல், 70க்குள்; சொந்த நிலம், வேதப் படிப்பு வேண்டும்; கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. ஊரில் பெரும்பாலோர் பெயர் ஓலையிலேயே ஏறியிருக்காது, அதை மறக்க வேண்டாம். ஆனால் தகுதி பார்த்த பிறகு, ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். ஜெயித்தவன் மற்றவனைவிட நான் உசத்தி என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதிர்ஷ்டம் சபை நடுவில் எல்லோர் கண்ணெதிரே இருந்தது.

நம் இன்டர்வியூவிலும் அந்தக் குடம் இருக்கிறது. திறமை என்று எழுதி மூடி வைத்திருக்கிறோம்.

என் பொய் அந்த ஏசி அறையில் நடக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன். ராத்திரி ரூமில் அவன், "என்னடா கேட்டாங்க?" என்றான். "ஏதோ கேட்டாங்கடா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு மூளை பத்தல மச்சி" என்றான். அவன் கொடுத்த ஓலைதான் எனக்கு வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இன்று நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்கிறேன். "இதை முன்னாடியே பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். ஆமாம் என்பவருக்கு இன்னும் கஷ்டமான கேள்வி கொடுத்தால், உண்மைக்கு நானே தண்டனை கொடுத்ததாகிவிடும். அதனால் அதே கேள்வியிலேயே நிற்கிறேன்: முயல் ஆமையைத் தாண்டிக் குதித்துப் போய்விடாதா, ஏன் கட்டாயம் பிடிக்கிறது? வளையத்துக்குள் ஒவ்வொரு முறையும் இடைவெளி ஒன்றுதான் குறைகிறது என்று சிலர் யோசித்துச் சொல்கிறார்கள்.

அன்றைக்கு என்னிடம் அதைக் கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.