எவர் குரலுக்குச் செவிசாய்ப்பது?

வல்லுநர் மூவர் அருகிருந்தும், காக்கக்கூடிய ஓர் உயிர் கைநழுவிப் போவதுண்டோ? உண்டு. 2005 ஆம் ஆண்டு இங்கிலாந்தில், சைனஸ் அறுவைச் சிகிச்சைக்கு வந்த 37 வயதுப் பெண்மணி ஒருவருக்கு மயக்கமருந்து அளித்தபின் மூச்சுவழி அடைபட்டது. தொண்டை வழியே குழாயைச் செலுத்த மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் முயன்றனர். இருபது நிமிடங்களுக்கு மேல் கடந்தன. கழுத்தில் துளையிட்டுக் காற்றைச் செலுத்துதற்குரிய கருவிகளைச் செவிலியர் கொணர்ந்து, ஆயத்தமாக உள்ளன என்று அறிவித்தனர். அச்சொல் எவர் செவியிலும் ஏறவில்லை. 13 நாட்களுக்குப்பின் அப்பெண்மணி மறைந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. அவர் எவரையும் பழிதூற்றவில்லை. மருத்துவத்தில் மனித இயல்பு விளைக்கும் இடர்களை ஆராய 2007 இல் ஓர் அமைப்பை நிறுவினார்.

அம்மருத்துவர்கள் கல்லாதவர்களல்லர். இடுக்கண் வருங்கால் மனம் ஒரு செயலையே பற்றிக்கொள்கிறது; கற்றதும் மறக்கிறது, காலமும் மறக்கிறது. மும்முறை முயல்க, அனுபவம் மிக்க மற்றொருவர் வந்தால் இன்னும் ஒருமுறை, அதன்பின் வேறு வழி நாடுக என்று பிரிட்டிஷ் மயக்கவியலார் 2015 இல் வரம்பு வகுத்தனர். ஆயினும் ஏட்டிலுள்ள வரம்பை அந்நேரத்தில் புரட்டிப் பார்ப்பவர் யார்? கைகளில் உறை, கண்கள் தொண்டையில். ஆகவேதான், பொம்மை நோயாளியை வைத்துப் பயிலும் கூடங்களில், அழைத்தால் விடையளித்து அடுத்த படியை உரைக்கும் கருவிகளைச் சோதித்து வருகின்றனர்.

இதனை நாம் வரவேற்கிறோம். மனிதன் நினைவுக்குத் துணைதேடுவது இழிவன்று. நாம் முடிச்சுப் போட்டு நினைவுகூர்வதும் அத்தகையதே. ஆனால் ஒரு வினா நம்மை விடவில்லை. அன்று அவ்வறையில் குரல் இல்லாமலா போயிற்று? இருந்தது. அது பதவியில் தாழ்ந்தவருடைய குரல். கருவிக்குப் பதவியில்லை, அதற்குப் பணிவதில் எவருக்கும் நாணமில்லை. செவிலியருக்குத் தராத செவியைக் கருவிக்குத் தருவோமாயின், குறை நினைவில் இருந்ததா, செருக்கில் இருந்ததா? பதற்றத்தில் அடைபடும் செவிக்குக் கருவியின் ஒலியும் எட்டாது போகலாம். இரைச்சலில் அது தவறாகக் கேட்டுத் தவறாக உரைத்தால், பொறுப்பு கத்தி பிடித்த கைக்கே உரியது. கருவியைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற இயலாது.

எனவே பயிற்சிக் கூடத்தில் சில நாட்கள் கருவியை அணைத்துவிடலாம். அது உரைக்கவேண்டிய அடுத்த படியை அறையிலுள்ள இளைய செவிலியர் உரக்கச் சொல்லட்டும். மூத்த மருத்துவர் அதனைத் திருப்பிச் சொல்லிய பின்னரே கையை அசைக்கட்டும். விமானிகள் நெடுங்காலமாக இவ்வாறே செய்து வருகின்றனர்.