ஈக்கூட்டமும் எண்ணெய்க் கசிவும்

ஆற்றில் வெள்ளம் புரண்டு வந்தால் மலையில் மழை பெய்திருக்கிறது என்று கரையில் நிற்பவர் சொல்லிவிடுவார். விளைவைக் கண்டு காரணத்தை ஊகிக்கும் இந்த அனுமானத்தை மணிமேகலையின் 27-ஆம் காதை ‘எச்சம்’ என்கிறது. அங்கேயும் எடுத்துக்காட்டு வெள்ளம்தான். பழைய சம்ஸ்கிருதத் தர்க்க நூலான நியாய சூத்திரமோ இதை லேசில் விடவில்லை. அதன் இரண்டாம் அத்தியாயத்தில் ஓர் எதிர்வாதி எழுந்து குறுக்குக் கேள்வி போடுகிறான். வழியில் எங்கோ அடைபட்டதால் நீர் ஏறியிருக்கலாமே? எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மழைக்கு அறிகுறி என்கிறீர்கள், புற்றை யாராவது இடித்திருந்தால்? மயில் அகவியது என்று நினைத்தீர்களே, அது மனிதன் போட்ட போலிக் குரல் என்றால்?

அந்த எதிர்வாதியை இன்று ஒரு மெக்கானிக் ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் வேலைக்கு ஆவான்.

ஷெட்டுக்கு வரும் ஒரு வண்டியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மினசோட்டாவில் 1954-இல் தொடங்கிய போலாரிஸ் நிறுவனம் 1985-இல் ஏ.டி.வி. வண்டிகளுக்குள் இறங்கியது. சேறு, ஓடை, மரவேர் எதற்கும் அஞ்சாத நான்கு சக்கர வண்டிகள் அவை. அந்த நிறுவனத்தின் பழைய ஸ்போர்ட்ஸ்மேன் மாடல்களில் முன்சக்கரங்களைத் தாங்குவது, கார்களில் இருப்பதைப் போன்ற மெக்பர்சன் ஸ்ட்ரட். வண்டியின் சுமையை ஸ்பிரிங் தாங்கும். குதிப்பை அடக்குவது குழாய்க்குள் எண்ணெயில் ஏறி இறங்கும் பிஸ்டன். அதன் சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கியடித்துக்கொண்டு பாயும்போது, குதிப்பின் ஆற்றல் சூடாக மாறித் தணிகிறது. சீல் தேய்ந்து எண்ணெய் வெளியேறிவிட்டால் ஸ்பிரிங்கைக் கேட்பார் கிடையாது.

சிக்கல் என்னவென்றால், மூடிய குழாய்க்குள் நடப்பதை யாரும் பார்க்க முடியாது. ஓட்டுகிறவருக்கும் சட்டென்று தெரியாது. தேய்மானம் மெல்ல மெல்ல வருவதால் அவர் உடம்பு அதற்குப் பழகிக்கொள்கிறது. ஸ்ட்ரட் போய்விட்டது என்பது எப்போதுமே ஓர் அனுமானம்.

அறிகுறிகளுக்குக் குறைவில்லை. முன்பக்கத்தை அமுக்கி விட்டால், நல்ல ஸ்ட்ரட் ஒரே மூச்சில் எழுந்து அடங்கும். தேய்ந்தது இரண்டு மூன்று முறை துள்ளும். பிரேக் பிடித்தால் மூக்கு தரையைத் தொடுவதுபோல் குனியும். பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’ என்று ஓர் அடி கேட்கும். ஆனால் அந்த ‘டொக்’ தேய்ந்த பால் ஜாயிண்டிலிருந்தும் வரும், புஷ்ஷிலிருந்தும் வரும், முறுக்குத் தளர்ந்த ஒரு போல்ட்டிலிருந்தும் வரும். அதனால் அனுபவசாலி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங் மேல் சந்தேகம். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராட் முனை. ஒவ்வொன்றாகக் கழித்து மிஞ்சுவதைப் பிடிக்கும் இந்த வழியையும், நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் அனுமானத்தின் ஒரு வகையாகச் சொல்லியிருக்கிறார்.

எதிர்வாதிக்கு அவர் தரும் பதில் இன்னும் நுட்பமானது. அடைபட்டு ஏறிய நீர் வேறு, மழை வெள்ளம் வேறு. மழை வெள்ளத்தில் வேகம் இருக்கும். நுரை, பழம், இலை, கட்டை எல்லாம் மிதந்து வரும். தவறு அனுமானத்தில் இல்லை, சரியாகப் பார்க்காத ஆளிடம் இருக்கிறது என்கிறார். ஷெட்டில் இதற்கு நேர் உதாரணம் உண்டு. முன்சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் சி.வி. ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்தால், உள்ளிருக்கும் கிரீஸ் சுற்றிலும் தெறித்து ஸ்ட்ரட் மேலும் அப்பும். அவசரக்காரர் அதை எண்ணெய்க் கசிவு என்பார். விரலால் தொட்டுப் பார்த்தால் கிரீஸ் கெட்டியாக இழுபடும், பட்டை பட்டையாகச் சிதறியிருக்கும். கசிந்த எண்ணெயோ மெல்லியது. ஸ்ட்ரட்டின் தண்டிலிருந்து கீழே வழிந்து புழுதியை ஈரமாக்கி வைத்திருக்கும்.

சரி, அவசரக்காரரின் முடிவு தற்செயலாக உண்மையாகவும் இருந்துவிட்டால்? கிரீஸைப் பார்த்து ஸ்ட்ரட் போச்சு என்கிறார். ஸ்ட்ரட்டும் உள்ளுக்குள் நிஜமாகவே செத்திருக்கிறது. எட்டாம் நூற்றாண்டுப் பௌத்தத் தர்க்கவாதி தர்மோத்தரர் இதே முடிச்சைப் போட்டார். இறைச்சி வாட்டத் தீ மூட்டியிருக்கிறார்கள், புகை இன்னும் எழவில்லை. இறைச்சியை மொய்க்கும் ஈக்கூட்டத்தைத் தொலைவிலிருந்து பார்த்தவர் புகை என்று எண்ணி, அங்கே தீ இருக்கிறது என்கிறார். தீ இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அவர் அதை அறிந்தார் என்று ஒப்புக்கொள்ள முடியுமா? முடியாது என்பதற்கு ஷெட்டில் காசுக்கணக்கே உண்டு. ஸ்ட்ரட் மாறிவிட்டது, கிழிந்த உறை அப்படியே இருக்கிறது. மணலும் தண்ணீரும் புகுந்து ஜாயிண்ட் அரைபட்டுப் போகும்.

ஸ்ட்ரட்டை மாற்றும் வேலைக்கு முறை உண்டு. சட்டத்தை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்ட வேண்டும். ஸ்பிரிங்கைக் கருவி போட்டு அமுக்காமல் தண்டின் உச்சி நட்டைத் தொட்டால், ஸ்பிரிங் பாய்ந்து ஆளையே கிழித்துவிடும். இடம் வலம் இரண்டையும் சேர்த்து மாற்றுவதும், கடைசியில் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பதும் வழக்கம்.

வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்கள். சத்தம் நின்றுவிட்டது. அறிவு சரியானது என்பதைச் செயலின் வெற்றி காட்டும் என்று தொடங்குவது வாத்ஸ்யாயனரின் உரை. வெற்றியை மட்டும் நம்பாதே என்பவர் 12-ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி ஸ்ரீஹர்ஷர். மூடிய கைக்குள் எத்தனை சோழி என்று கேட்டால், ‘ஐந்து’ என்று குத்துமதிப்பாகச் சொல்பவனும் சில நேரம் ஜெயிக்கிறான். இந்த விஷயத்தில் ஸ்ரீஹர்ஷர் பக்கம்தான் வலு அதிகம். ஸ்ட்ரட் மாற்றும்போது அரை டஜன் போல்ட்டுகள் கழன்று, சரியான முறுக்கில் மறுபடி ஏறுகின்றன. சத்தத்தை நிறுத்தியது புது ஸ்ட்ரட்டா, இறுகிய போல்ட்டா? இரண்டும் ஒன்றாக நடந்ததால் விடை அழிந்துவிட்டது.

வழி இல்லாமலில்லை. முதலில் போல்ட்டுகளை மட்டும் இறுக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். மாற்றிய பிறகு, ஸ்பிரிங் கழற்றிய பழைய ஸ்ட்ரட்டைச் செங்குத்தாகப் பிடித்துத் தண்டை அழுத்தி இழுக்கலாம்: சீரான எதிர்ப்பு இருந்தால் நல்லதையே கழற்றியிருக்கிறார்கள், லொடலொடவென்று இறங்கினால் சந்தேகம் சரி. ஆனால் மணிக்கணக்கில் கூலி வாங்கும் ஷெட்டில், சத்தம் நின்றுபோன வண்டிக்காக அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிட மெக்கானிக்கும் விரும்புவதில்லை, வண்டிக்காரரும் விரும்புவதில்லை.