கவிதைப் பரிசும் பொருள் வந்த வழியும்

முன்னுரை

பரிசு கவிஞருக்குப் பொருளும் பெருமையும் தருகிறது. அப்பரிசைத் தாங்கும் பொருள் எவ்வழியில் வந்தது என வினவும் கடமை கவிஞருக்கு உண்டா என்பது அறவியல் சார்ந்த வினாவாகும். பிரித்தானியாவின் டி. எஸ். எலியட் கவிதைப் பரிசை முன்னிறுத்தி இவ்வினா ஈண்டு ஆராயப்படுகிறது.

பரிசும் விலகலும்

எலியட்டும் அவர்தம் நண்பர்களும் 1953இல் தொடங்கிய கவிதை நூல் கழகம், தன் நாற்பதாம் ஆண்டையொட்டி 1993இல் இப்பரிசைத் தோற்றுவித்தது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் ஓராண்டில் வெளிவரும் புதிய கவிதைத் தொகுப்புகளுள் சிறந்த ஒன்றுக்கு இது வழங்கப்படுகிறது. முதற்பரிசைப் பெற்றவர் பெல்ஃபாஸ்ட் நகரக் கவிஞர் கியாரன் கார்சன்.

2011இல் இங்கிலாந்தின் கலை மன்றம் இக்கழகத்திற்கு அளித்துவந்த நல்கையை நிறுத்த முடிவு செய்தது. ஆகவே, ஆரம் ஃபண்ட்ஸ் என்னும் முதலீட்டு நிதி மேலாண்மை நிறுவனத்தின் புரவலைக் கழகம் ஏற்றது. அவ்வாண்டின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றிருந்த ஆலிஸ் ஆஸ்வால்டும் ஜான் கின்செல்லாவும் இதனை ஏற்காது விலகினர். கவிதை இத்தகைய நிறுவனங்களை வினவ வேண்டுமேயன்றி அவற்றிற்கு ஒப்புதல் தரலாகாது என்பது ஆஸ்வால்டின் நிலைப்பாடு. பரிசு ஜான் பர்ன்சைடுக்குச் சென்றது.

மாற்றுக் கருத்து

முற்றிலும் தூய பொருள் எங்கும் இல்லை என்பது விலகலுக்கு எதிரான வாதம். எலியட்டே 1917 முதல் 1925 வரை லாய்ட்ஸ் வங்கியில் பணியாற்றியவர். புரவலர் இன்றேல் பரிசும் இல்லை. பரிசு இன்றேல் புதிய தொகுப்புகள் பல வாசகரை எட்டா. இவ்வாதம் வலுவுடையதே. எனினும், பொருளின் தூய்மையை மட்டுமே இது கருதுகிறது. கவிஞர் திருப்பித் தருவது யாது என்பதைக் கருதவில்லை.

பரிசிலும் பரிசும்

சங்கப் புலவர் பரிசிலின் மூலத்தைப் பெரிதும் வினவியதில்லை. போரில் கொள்ளப்பட்ட பொருளும் அவர்க்குப் பரிசிலாயிற்று. ஆயினும், காணாது வழங்கிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூறு (208) காட்டுகிறது. யாரைப் பாடுவது, எதை ஏற்பது என்பதைப் புலவரே முடிவு செய்தார். தாம் தருவது வள்ளலின் பெயரை நிலைநிறுத்தும் பாடல் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

இக்காலப் பரிசில் கவிஞர் புரவலரைப் பாடுவதில்லை, தேர்ந்தெடுப்பதுமில்லை. நூல் முடிந்த பின்னரே புரவலரின் பெயர் அதனருகே வந்து சேர்கிறது. புரவலர் பெறுவது கவிதையின் நற்பெயர். எனவே கவிஞரும் ஒருவகையில் கொடுப்பவரே. கொடுப்பவருக்கு மறுக்கும் உரிமையும் உண்டு.

அவ்வுரிமையின் விலை எல்லார்க்கும் ஒன்றன்று. ஆஸ்வால்டு 2002இல் இதே பரிசைப் பெற்றவர். முதல் தொகுப்போடு வரும் இளங்கவிஞருக்கு மறுப்பு பேரிழப்பாகலாம். ஆதலின் ஏற்றவரைப் பழிப்பது அறமாகாது.

முடிவுரை

2016 முதல் எலியட் அறக்கட்டளை இப்பரிசை நடத்திவருகிறது. எலியட்டின் பூனைக் கவிதைகளைக் கொண்டு 1981இல் அரங்கேறிய ‘கேட்ஸ்’ இசை நாடகம் அவருடைய நூலுரிமைக்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்தது. கவிதை ஈட்டியது கவிதைக்கே மீண்டது எனலாம். இப்பேறு வாய்த்த பரிசுகள் மிகச் சிலவே. ஏனைய பரிசுகளைப் பொறுத்தவரை, ஏற்பதா மறுப்பதா என்பதை அவரவர் சூழல் முடிவு செய்யலாம். தம் பெயர் எதற்குத் துணை நிற்கிறது என வினவும் பொறுப்பு கவிஞர் அனைவர்க்கும் பொதுவானதாகும்.