கிழக்கே திரும்பும் ஆறுகள்

பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் பாலக்காட்டுக் கல்லூரி மாணவர்கள் அங்கே ஓர் இயற்கை முகாமுக்குப் போகவேண்டுமானால், பேருந்து முதலில் மாநில எல்லையைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் வரவேண்டும். பிறகு ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் என்று ஏறி, மலைமேல் மறுபடியும் கேரளத்துக்குள் நுழையவேண்டும். வண்டி போகிற பாதை அது ஒன்றுதான். போய்ச் சேர்ந்தால் இன்னொரு விசித்திரம். காட்டைக் காப்பது கேரள வனத்துறை. காட்டுக்கு நடுவே நிற்கும் பரம்பிக்குளம் அணையின் மதகைத் திறப்பதும் மூடுவதும் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள். முகாமில் வகுப்பெடுக்க வந்தவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பயணம் பாதிப் பாடத்தை நடத்தி முடித்துவிடுகிறது. மாணவர்கள் அந்த நேரத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள், அது வேறு விஷயம்.

சூழலியலில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கென்று கல்லூரிகளில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. ஜூன் 5 வந்தால் மரக்கன்று, விநாடி வினா, சுவரொட்டிப் போட்டி. கேரளக் கல்லூரிகளில் பூமித்ரசேனா என்ற சூழல் மன்றங்கள் இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. வனத்துறை நடத்தும் முகாம்கள் இருக்கின்றன. இவற்றில் எனக்குப் பிடித்தது பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் வளாகப் பறவைக் கணக்கெடுப்பு. அதற்குத் தலைமை விருந்தினர் தேவையில்லை, பொன்னாடை தேவையில்லை. விடியற்காலையில் எழுந்து, கண்ணில் பட்டதைப் பட்டபடி எழுதினால் போதும். அப்படிப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் குறிப்புகளிலிருந்துதான் 2015 முதல் 2020 வரை கேரளப் பறவை வரைபடம் என்ற பெரும் ஆவணம் உருவானது.

ஆனால் இந்த நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சுற்றுச்சுவருக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. விலங்கியல் துறை நடத்தினால் பொருளியல் மாணவன் வருவதில்லை. பாலக்காட்டில் நடந்தால் கோவைக்குத் தெரிவதில்லை. எப்போதும் இப்படி இருந்ததில்லை.

பாலக்காட்டுச் சைலன்ட் வேலிக் காடு அணையிலிருந்து காப்பாற்றப்பட்ட கதையை மேடைகளில் சொல்லும்போது சிங்கவால் குரங்கும் மலையாளக் கவிஞர் சுகதகுமாரியின் கவிதையும் தவறாமல் வரும். வரவேண்டியவைதான். அதற்குப் பின்னால் ஒரு கல்லூரிக் கதையும் உண்டு, அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. பய்யனூர்க் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஜான் சி. ஜேக்கப், மாணவர்களை வகுப்பறையிலிருந்து வெளியே அழைத்துப்போய் முகாம்கள் நடத்தினார். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத், குந்திப்புழையின் குறுக்கே சைரந்திரியில் அணை வந்தால் எதெல்லாம் போகும் என்று எழுதியும் பேசியும் ஊர் ஊராகச் சென்றார். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1979இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதை எழுதியவர்களில் தாவரவியல் படித்தவர், பொறியாளர், பொருளியலாளர், வேளாண் அறிஞர் எல்லோரும் இருந்தார்கள். மலபாருக்கு மின்சாரம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்த 120 மெகாவாட்டை வேறு வழியில் பெற முடியாதா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். காட்டைப் பற்றிய வாதம் மின்சார வாரியத்தின் மொழியிலேயே எழுந்தபோதுதான் வாரியம் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. 1984 நவம்பர் 15 அன்று அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குரங்கைக் கண்டு உருகியவர்கள் எத்தனையோ பேர். மின்சார அலகுக் கணக்கையும் வேலைவாய்ப்புக் கணக்கையும் பொறுமையாக எடுத்து வைத்தவர்கள் சிலர்தான். எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை உண்டு.

சைலன்ட் வேலிக் காட்டின் வழியே குந்திப்புழை மேற்கே பாரதப்புழையில் சேர ஓடுகிறது. மறுபுறம் பவானி. நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் இறங்கி, முக்காலி அருகே வளைந்து, அட்டப்பாடி வழியாகத் தமிழ்நாட்டுக்கே திரும்பிவிடுகிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை மூன்றுதான்: கபினி, பவானி, பாம்பாறு. மூன்றில் இரண்டு பாலக்காட்டிலும் இடுக்கியிலும் இருக்கின்றன. மறையூர், காந்தளூர்ப் பக்கத்து நீரைத் திரட்டிக்கொண்டு, மழை மறைவான சின்னாறு காட்டைக் கடந்து, பாம்பாறு அமராவதி அணைக்கு வந்து சேர்கிறது. கோவை மாணவி காலையில் குடிக்கும் சிறுவாணித் தண்ணீரைத் தேக்கும் அணை பாலக்காடு மாவட்டத்தில் நிற்கிறது. பெரியாற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய பேச்சு அது.

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடையில் தண்ணீர் யாருடையது என்ற கேள்வி நிலத்துக்கு அடியில் எழுந்தது. 2000இல் கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் கெட்டது. அதில் சோறு பொங்க முடியாமற்போன பெண்கள் 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். முன்னால் நின்ற மயிலம்மா தமிழ் பேசும் இரவாளர் பழங்குடிப் பெண். கல்லூரி வாசலை மிதிக்காதவர். பிறகு கல்லூரிகள் அவருடைய பந்தலுக்கு வந்தன. தன் நிலத்தில் தோண்டி எடுக்கிறேன், அது என் தண்ணீர் என்பதுதான் ஆலையின் வாதம். நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காவலாளி மட்டுமே என்று 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்காமல், நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுத்துக்கொள்ளலாம் என்றது. சட்டம் இன்னும் தடுமாறும் இடத்தில் மயிலம்மாவுக்குத் தடுமாற்றமே இருக்கவில்லை. அடியில் இருக்கும் நீர் வேலியைப் பார்த்து நிற்காது என்பது அவர் வீட்டுக் கிணறே சொன்ன செய்தி.

இந்த எல்லைப்புறத்தில் நின்று பார்த்தால், இயற்கை வளம் என்று நாம் பாடப்புத்தகத்தில் படிப்பது எதுவும் யாருடைய கையிலும் தங்குவதில்லை என்று தெரிகிறது. எங்கள் ஆறு, எங்கள் காடு என்று சொல்கிற ஒவ்வொருவருக்கும் மேட்டில் ஒருவர் இருக்கிறார், பள்ளத்தில் ஒருவர் இருக்கிறார். நாம் இடையில் நிற்பவர்கள். மேட்டில் நடப்பதை நாம் தாங்குகிறோம். நாம் செய்வதைப் பள்ளத்தில் இருப்பவர் தாங்குகிறார். வளாகமும் இதற்கு விலக்கில்லை. தமிழை ஒரு பாடமாகக் கற்பிக்கும் மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடங்கள் 2018 ஆகஸ்ட் மழையில் மண்சரிவில் சிதைந்தன. வகுப்புகள் வேறிடம் போயின. இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே ஆகஸ்டில், மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள்மேல் மலை இறங்கியது. உயிர்போன 70 பேரில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தினர். அந்த மலையில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சூழலியலை ஒரு விருப்பப் பாடம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

எனக்கு ஒரு நிகழ்ச்சி நடத்தும் பொறுப்பைக் கொடுத்தால் மணக்கடவில் வைப்பேன். பொள்ளாச்சிக்கு மேற்கே, எல்லையை ஒட்டி, ஆழியாற்றின் குறுக்கே இருக்கும் அணைக்கட்டு அது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட (பி.ஏ.பி.) ஒப்பந்தப்படி தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை அங்கேதான் அளந்து விடுகிறது. அதன் பிறகு ஆற்றுக்குச் சித்தூர்ப்புழை என்று பெயர். கீழே சித்தூர் அரசுக் கல்லூரி. அங்கும் தமிழ்த் துறை உண்டு. மேலே பொள்ளாச்சியில் நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரி. அந்தத் திட்டத்துக்காகச் சட்டமன்றத்தில் வாதாடிய நா. மகாலிங்கத்தின் பெயர் தாங்கியது. இரண்டு கல்லூரி மாணவர்களும் ஒரே அளவுகோலை ஒரே நேரத்தில் படித்து நோட்டில் எழுதட்டும். வேளாண்மை, பொருளியல், தமிழ், மலையாளம் எல்லாத் துறையும் வரட்டும். பிற்பகலில் சித்தூர் நெல் விவசாயி ஒருவரும் பி.ஏ.பி. வாய்க்காலின் கடைமடையிலிருந்து ஒரு காங்கேயம் விவசாயியும் எதிரெதிரே உட்காரட்டும். தண்ணீர் யாருக்குக் குறைந்தது என்று சண்டை வரும். ஒருங்கிணைப்பாளர் பதறி ஒலிபெருக்கியைப் பிடுங்க வேண்டாம். மாலையில் சான்றிதழ் கொடுக்க மறந்துபோனாலும் அன்றைக்கு யாரும் கேட்கமாட்டார்கள்.