தள்ளுபடி யாருடைய ஹக்கு?

கழிவு என்னும் சொல் வணிகர்களாகிய நமக்குப் புதியதன்று. மொத்த வியாபாரி நமக்குக் கழிவு கொடுக்கிறார். நாம் வாடிக்கைக்காரருக்குக் கொடுக்கிறோம். பத்து மூட்டை எடுப்பவருக்கென்று சொன்ன கழிவை, ஒரு மூட்டை எடுத்தவர் கேட்டால் கொடுக்கமாட்டோம். பத்து மூட்டை எடுத்ததாகப் பொய்க் கணக்குக் காட்டி அவர் அதை வாங்கிக்கொண்டால் அதற்கு என்ன பெயர் என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் இதே காரியம் வீட்டு வரியில் நடக்கும்போது மட்டும் அதற்குச் 'சாமர்த்தியம்' என்று பெயர் வந்துவிடுகிறது. அந்தச் சாமர்த்தியத்தைப் பற்றியே இங்கு சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன்.

நான் தேக்காவில் கடை வைத்துப் பாசிர் ரிஸில் குடியிருப்பவன். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தவிர வேறு படிப்பில்லை. எனினும் வரிக் கடிதத்தை வாசித்துக் கணக்குப் பார்க்க அவ்வளவு படிப்புப் போதும். பாசிர் ரிஸ் பெரும்பாலும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளாலான நகர். பிள்ளைகளோடு வேறிடம் போனவர்களும், ஊருக்குத் திரும்பியவர்களும் வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள். விடுகிறவரும் எடுக்கிறவரும் கடைக்கு வந்து என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. "வரியை யார் கட்டுவது? தள்ளுபடி யாருக்குச் சேரும்?"

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சொத்து வரிச் சட்டம் 1960-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் அதே ஆண்டில் பிறந்ததுதான். வரியை இன்று வசூலிப்பது உள்நாட்டு வருவாய் ஆணையம். அது ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் 'ஆண்டு மதிப்பு' வைத்திருக்கிறது. அஃதாவது, அந்த வீட்டை ஓராண்டு வாடகைக்கு விட்டால் சந்தையில் என்ன கிடைக்குமோ அந்தத் தொகை. மேசை நாற்காலிக்கும் பராமரிப்புக்கும் உரிய பங்கு அதில் சேராது. நீங்கள் குடியிருந்தாலும், பிறருக்கு விட்டாலும், பூட்டி வைத்தாலும் இம்மதிப்பு மாறுவதில்லை. மாறுவது வரி விகிதம் மட்டுமே.

உரிமையாளர் தாமே குடியிருந்தால், 2025 ஜனவரி முதல், ஆண்டு மதிப்பில் முதல் 12,000 வெள்ளிக்கு வரியே இல்லை. அதற்கடுத்த 28,000 வெள்ளிக்கு நூற்றுக்கு 4. தாம் குடியிராமல் முழு வீட்டையும் வாடகைக்கு விட்டால், முதல் வெள்ளியிலிருந்தே நூற்றுக்கு 12. 30,000 வெள்ளிக்கு மேற்பட்ட பகுதிக்கு இன்னும் கூடும். ஒரு வீட்டின் ஆண்டு மதிப்பு 15,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். குடியிருக்கும் உரிமையாளருக்கு வரி 120 வெள்ளி. 2025-இல் கழக வீட்டில் தாமே குடியிருப்பவர்களுக்கு நூற்றுக்கு 20 தள்ளுபடி கொடுத்தார்கள். ஆகவே அவர் கட்டியது 96 வெள்ளி. அதே வீட்டை முழுதும் வாடகைக்கு விட்டவருக்கு 1,800 வெள்ளி. வித்தியாசம் 1,704 வெள்ளி, மாதத்துக்கு 142.

இந்த 142 வெள்ளியில்தான் மனிதனுடைய மனச்சாட்சி வழுக்குகிறது.

வழுக்கும் விதம் இது. ஓர் அறையைப் பூட்டி, அதற்குள் நான்கு பெட்டியை வைத்துவிட்டு, "நானும் இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்லி, மற்றதெல்லாவற்றையும் வாடகைக்கு விட்டுவிடுவது. உண்மையாகவே வீட்டில் வாழ்ந்துகொண்டு ஓரிரு அறைகளை மட்டும் விடுபவருக்குக் குடியிருப்போர் விகிதமே தொடரும், அதில் குற்றமில்லை. ஆனால் பூட்டிய அறை குடியிருப்பு ஆகாது. கழகமும் இதனை அனுமதிப்பதில்லை. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு வீடு வைத்துக்கொண்டு இரண்டுக்கும் சலுகை கேட்பதும் இந்த வகைதான். தம்பதிக்கு ஒரு வீட்டுக்கே அது உண்டு.

இப்படிச் செய்பவர்கள் சொல்லும் வாதங்களை நான் கேட்டிருக்கிறேன். "வரி என் பெயரில் வருகிறது, தள்ளுபடியும் என் பெயரில் வருகிறது, வாங்கிக்கொள்வதில் என்ன பிழை?" என்பது ஒன்று. என் அபிப்பிராயத்தில் பெயர் இங்கே முக்கியமன்று. அந்தச் சலுகை ஆளுக்குக் கொடுக்கப்பட்டதன்று, ஒரு நிலைமைக்குக் கொடுக்கப்பட்டது. தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டுமென்று வீடு வைத்திருப்பவன் வருமானத்துக்காக வீடு வைத்திருப்பவனைப் போல வரி கட்டவேண்டியதில்லை என்பதே அதன் கருத்து. அந்த நிலைமை நீங்கிய மறுநாளே சலுகையும் நீங்கிவிடுகிறது. அதன் பின்னும் கையில் இருப்பது பிறர் பணம். சந்தை வாடகையை ஒரு காசு குறையாமல் எண்ணி வாங்கிவிட்டு, கொடுக்கவேண்டியதைக் குடியிருப்பவன் அளவில் கொடுப்பது இரண்டு தராசு வைத்திருப்பதற்குச் சமானம். வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவரைப் பற்றித் திருமறையில் 83-ஆவது அத்தியாயம் எதற்காக இறங்கியது என்பதை நம்மவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அது அரிசிக் கடைக்கு மட்டும் உரியதன்று.

மற்றொரு வாதம் சற்றுக் கனமானது. வயதான ஒருவர், மகள் வீட்டில் இருக்கிறார், தம் வீட்டு வாடகையில்தான் மருந்தும் சாப்பாடும் நடக்கிறது. அவருக்கு 1,800 வெள்ளி பாரமில்லையா? பாரந்தான். 2022 வரை நூற்றுக்கு 10 என்று தொடங்கிய விகிதம் 2023-இல் 11, 2024-இல் 12 என்று ஏறியது எனக்கும் கசப்பாகவே இருக்கிறது. ஆனால் அவருக்கும் நேர்வழிகள் உண்டு. வரியை மாதத் தவணையாக வங்கிக் கணக்கிலிருந்து கட்டலாம். வாடகைக்கு வருமான வரி கணக்கிடும்போது செலவுகளைக் காட்டிக் கட்டிய சொத்து வரியைக் கழித்துக்கொள்ளலாம். மனமிருந்தால் தம் வீட்டிலேயே வாழ்ந்து அறைகளை மட்டும் விடலாம். இவை போதாவிட்டால், உதவி செய்யவேண்டியவர்கள் பிள்ளைகளும் நம் சங்கத்தாருந்தான். பாரத்தைக் காட்டிப் பொய்யை நியாயப்படுத்தினால், அதே பாரமுள்ள வேறொரு பெரியவர் முழு வரியையும் கட்டுகிறாரே, அவருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

வீட்டு விஷயத்தில் உரிமையாளரைச் சொன்னேன். கடை விஷயத்தில் நாமே வாடகைக்காரர்களாக நின்று இதே கேள்வியைக் கேட்டிருக்கிறோம். 2009-ஆம் ஆண்டு வியாபாரம் படுத்தபோது, சர்க்கார் கடைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் சொத்து வரியில் நூற்றுக்கு 40 தள்ளுபடி கொடுத்தது. அதை வாடகைக்காரருக்குக் கொடுங்களென்று கட்டிட உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டதே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. மனச்சாட்சிக்கு விட்டுவிட்டது. 2020-இல் தொற்றுநோய் வந்து ஏப்ரல் 7-ஆம் தேதி முதல் கடைகள் அடைக்கப்பட்டபோது, கடைகளுக்கும் உணவகங்களுக்கும் அவ்வாண்டு வரி முழுவதுமே தள்ளுபடியாயிற்று. இம்முறை மனச்சாட்சியை நம்பவில்லை. தள்ளுபடியை முழுதாக, நிபந்தனையின்றி வாடகைக்காரருக்குச் சேர்க்கவேண்டுமென்று சட்டமே இயற்றினார்கள். தக்க காரணமின்றித் தவறினால் 5,000 வெள்ளி வரை அபராதம். அப்போது சிராங்கூன் ரோட்டில், "சர்க்கார் கொடுத்தது கடைக்காரனுக்கு, கட்டிடக்காரனுக்கல்ல" என்று சொல்லாத வணிகரில்லை. மிகவும் நியாயமான பேச்சு. அதே நாவினால் பூட்டிய அறைக்குச் சலுகை கேட்பது எப்படிப் பொருந்தும் என்பதே என் கேள்வி.

இன்னும் பழைய உதாரணமும் உண்டு. 1947-இல் வந்து 2001 ஏப்ரல் வரை இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், போருக்கு முந்திய கடைவீடுகளில் வாடகை உறைந்து கிடந்தது. உரிமையாளரிடம் அற்ப வாடகைக்கு எடுத்த தலைவாடகைக்காரர், அறை அறையாகத் தடுத்து, உள்வாடகைக்காரரிடம் அதிகம் வாங்கிய கதை இந்நகரத்தின் முதியோருக்குத் தெரியும். எளியவனுக்கென்று வந்த சலுகை நடுவில் நின்றவர் பையில் தங்கியது. சட்டம் வேறு, காரியம் ஒன்றே.

இனி வாடகைக்கு எடுப்பவர் பக்கமும் பார்க்கவேண்டும், அவரும் எப்போதும் நியாயவானாக இருப்பதில்லை. "வீட்டு வரியில் தள்ளுபடி வந்திருக்கிறதாமே, வாடகையில் குறையுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. முழு வீட்டையும் முறைப்படி விட்டவருக்கு 2025-இன் தள்ளுபடி கிடைக்கவேயில்லை; அது குடியிருக்கும் உரிமையாளருக்கு மட்டும். இல்லாததில் பங்கு கேட்பது வீண். வரி உரிமையாளருடைய கடன், வாடகை இருவரும் பேசி முடிப்பது. இங்கிலாந்தில் வீட்டுக்குரிய ஊராட்சி வரியைப் பெரும்பாலும் குடியிருப்பவரே கட்டுகிறார். தனியாக வாழ்பவருக்கு நூற்றுக்கு 25 கழிவு அவர் பெயரிலேயே வரும். சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வரியை முதல் மாதத்திற்குள் கட்டினால் நூற்றுக்கு 5 ஊக்கத்தொகை, 5,000 ரூபாய்க்கு மேற்படாமல், சீக்கிரம் கட்டிய உரிமையாளருக்கு. ஊருக்கு ஊர் விதி மாறும். எங்கும் கழிவு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று கேட்டால் யாருக்கு உரியது என்பது விளங்கிவிடும்.

வாடகைக்காரருக்கு உண்மையான சோதனை வேறோரிடத்தில் வருகிறது. வீட்டுக்காரர் அன்பாகச் சொல்கிறார்: "தம்பி, ஒப்பந்தத்துக்கு முத்திரை எதற்கு? யாராவது கேட்டால் நானும் கூட இருப்பதாகச் சொல்லுங்கள். மாதம் 100 வெள்ளி குறைத்துக்கொள்கிறேன்." புதிதாகக் குடும்பத்தை அழைத்து வந்திருக்கும் தம்பிக்கு 100 வெள்ளி பெரிய தொகை. ஆனால் அந்த 100 வெள்ளி எங்கிருந்து வருகிறது? மேலே கண்ட 142-இலிருந்து. வீட்டுக்காரர் தம் கையிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. சர்க்காருக்குப் போகவேண்டியதில் பங்கு தருகிறார், பொய்ச் சாட்சிக்குக் கூலியாக. "அவர் பாவம் அவருக்கு, எனக்கென்ன?" என்று தம்பி சொல்லமுடியாது. தெரியாமல் குடிபுகுந்தவர் வேறு. தெரிந்து விலை வாங்கியவர் வேறு.

உலக வழக்கிலும் அது நஷ்டமே. முத்திரைத் தீர்வை வாடகைக்கு எடுப்பவர் கட்டவேண்டியது. நான்காண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் நூற்றுக்கு 0.4, இங்கே கையெழுத்திட்டால் 14 நாட்களுக்குள் கட்டவேண்டும். மாதம் 3,000 வெள்ளி வீதம் இரண்டாண்டுக்கு 288 வெள்ளி ஆகிறது. இதை மிச்சம் பிடித்தால், நாளைக்கு முன்பணத்தில் தகராறு வரும்போது முத்திரையில்லாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டில் சாட்சியமாக ஏற்கமாட்டார்கள். கழகத்தின் அனுமதியின்றி விடப்பட்ட வீடானால் நடு ஆண்டில் பெட்டி படுக்கையோடு வெளியேறவும் நேரிடும்.

ஆகவே கையெழுத்திடுமுன் வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்: கழகத்தின் அனுமதி இருக்கிறதா? வரி எந்த விகிதத்தில் கட்டுகிறீர்கள்? ஒப்பந்தத்தை முத்திரையிட நான் எடுத்துப் போகலாமா? நேர்மையானவர் கேட்டவுடன் காகிதத்தைக் காட்டுவார். கோபித்துக்கொண்டாரானால் முன்பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு வேறு வீடு பாருங்கள். பாசிர் ரிஸில் கிடைக்காவிட்டால் தெம்பனிஸில் கிடைக்கும்.