எண்ணெய்

தீபாவளிக்கு நாலு நாள். தெருவில் முறுக்கு வாசனை. எதிர்வீடு, அதற்கடுத்த வீடு, பிறகு எது என்று தெரியாமல் எங்கும்.

எங்கள் அடுப்பில் வெந்நீர்.

*

இந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி ஏறாது. உறவுக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். பண்டிகை இல்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சட்டியைச் சொல்கிறார்கள்.

*

அப்பா போய் மூன்று மாதம். ஆடியில். நாள்கணக்கு அம்மாவிடம் இருக்கிறது. கேட்பதில்லை.

*

தறிக்குழிக்குள் வெயில் ஒரு சாண் இறங்கியிருக்கிறது.

மிதிகட்டை வழவழப்பாக இருக்கிறது. பெருவிரல் அழுந்திய இடத்தில் மட்டும் சின்னப் பள்ளம். குனிந்து என் விரலை வைத்துப் பார்க்கிறேன். பள்ளம் பெரிது.

பாவில் இன்னும் ஒரு புடவைக்கு இழை இருக்கிறது. அரக்கு நிறம். நெய்தது நிற்கிற இடத்தில் கடைசி ஊடை மட்டும் தளர்ந்து கிடக்கிறது. நாடாவை விட்டவர் பன்னையை இழுத்து அடிக்கவில்லை.

அதைத் தொடுவதில்லை.

*

இறப்புச் சான்றிதழில் சாமராஜநகர் மாவட்டம்.

பிறந்தது கோயம்புத்தூர் மாவட்டம். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் ஊர் கொள்ளேகால் மைசூர் பக்கம் போனது. பள்ளிக்கூடம், தறி, கல்யாணம் எல்லாம் மைசூர் மாவட்டத்தில். 1997இல் மறுபடி பெயர் மாறியது.

மூன்று மாவட்டம். ஒரே வீடு. ஒரே குழி.

வீட்டுக்குள் எங்களிடம் தமிழ் பேசுவார். சாமி மாதப்பனிடம் மட்டும் கன்னடம்.

*

ராத்திரி. செருப்பில்லாத கால்கள் தெருவில் போகின்றன. மாதேஸ்வரன் மலைக்கு நடக்கிறவர்கள். மண்டியாவிலிருந்து, பெங்களூரிலிருந்து. இங்கிருந்து மலை இன்னும் ஏறக்குறைய 80 கிலோமீட்டர்.

ஒருவர் ‘உகே’ என்கிறார். மற்றவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு காலடி மட்டும்.

காலடியும் போன பிறகு, நாய்.

*

தீபாவளிக்கு மலையில் எண்ணெமஜ்ஜனம். மாதப்பனுக்கு எண்ணெய்க் குளியல். பேடகம்பண குலத்துச் சிறுமிகள் 101 பேர் காட்டு ஓடையிலிருந்து குடத்தில் நீர் சுமந்து வருவார்கள். ஹாலரவி என்று அதற்குப் பெயர்.

இங்கே அம்மாவின் தலை வறண்டு கிடக்கிறது.

*

எழுபத்தேழு மலை, புலிமேல் வருகிற சாமி என்று அப்பா நிறையச் சொல்வார். நடந்து போனது ஒரே ஒரு முறை. பிறகெல்லாம், தெருவில் போகிற யாரிடமாவது ஒரு புட்டி நல்லெண்ணெய் கொடுத்தனுப்புவார். யார் எவர் என்று கேட்கமாட்டார். போய்ச் சேர்ந்ததா என்றும்.

கால் லிட்டர் பக்தி. சின்ன வயதில் எனக்கு அது சோம்பேறித்தனமாகப் பட்டது.

இப்போது எதுவாகவும் படவில்லை.

*

எதிர்வீட்டு அக்கா தூக்கில் முறுக்கு கொண்டுவருகிறார். ‘இன்னிக்குத்தான் சட்டி வெச்சேன்’ என்கிறார், குரலைத் தாழ்த்தி.

அம்மா தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திறக்கவில்லை. சூடு ஆறும்வரை அப்படியே.

*

சமையல்கட்டுத் திட்டில் அந்தப் புட்டி. கழுவிக் கவிழ்த்திருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

சாவு விழுந்த வீட்டு எண்ணெய் கோயிலுக்குப் போகலாமா.

விளக்குக்கு ஊற்றினால் எரிகிறது.

*

நாலரை மணி. வாசலில் நிற்கிறேன். கையில் புட்டி.

ஒரு கூட்டம் கடந்து போகிறது. கொடுக்கவில்லை. இன்னொரு கூட்டம்.

மூச்சு வருகிறது. போகிறது. அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

*

முதியவர் ஒருவர் பின்தங்கி வருகிறார். தோளில் மஞ்சள் பை. குதிகாலில் துணிக்கட்டு. புட்டியைப் பார்த்ததும் நிற்கிறார்.

‘யார எசரிகே?’

யார் பேருக்கு.

இல்லாதவர் பேரில் அர்ச்சனை செய்வதில்லை. வாயைத் திறக்கிறேன். அதற்குள் அவர் புட்டியைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துவிட்டார். நடக்கிறார். கட்டுப் போட்ட கால் மெதுவாக, மற்றது அதைவிட மெதுவாக.

*

விரல்களில் பிசுக்கு.

கிழக்கே இன்னும் வெளுக்கவில்லை.

ஒரு பையன் ஓடி வருகிறான், கூட்டத்தைத் தவறவிட்டவன். ஹனூர் எவ்வளவு தூரம் என்கிறான்.

25 கிலோமீட்டர் இருக்கும் என்கிறேன்.